லிஸ்டில் இல்லாத உப்பு

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு என்னுடையது. எந்த இடத்தில் புள்ளி வைப்பது, எந்த இடத்தில் எழுத்தை இரட்டிப்பது என்பதெல்லாம் இன்னும் தடுமாறுகிறது. மறதியும் வந்துவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொல்வேன், அப்படியும் தப்பாகச் சொல்வேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். பேச முடியாததால்தான் எழுத உட்கார்ந்தேன். என் மகள் செய்கிற வேலையைப் பற்றியும், அந்த வேலையை நான் ஒரு தடவை கெடுத்ததைப் பற்றியும் எழுதுகிறேன். கெடுத்தது நான்தான் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

என் மகள் விளையாடுகிறவர்களுக்குச் சாப்பாடு சொல்கிறவள். ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், குத்துச்சண்டை போடுகிறவர்கள் எதைச் சாப்பிட வேண்டும், எவ்வளவு, எந்த நேரத்தில் என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுப்பாள். ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷனிஸ்ட் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைத் திக்காமல் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. அவள் காலேஜில் அந்தப் படிப்பை எடுத்தபோது எங்கள் ஜீவனஹள்ளித் தெருவில் யாருக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை. என் நாத்தனார் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"சோறு எப்படித் திங்கறதுன்னு சொல்லித்தர ஒரு காலேஜா? எங்க வூட்டுப் பசங்க படிக்காமயே நல்லாத் திங்குதுங்களே அண்ணி."

மகள் உள்ளேயிருந்து பதில் கொடுத்தாள். "மொத லிஸ்ட் உங்க பையனுக்குத்தான் அத்தை. அவன் ஏறினா ஆபீஸ் லிஃப்ட்டு பீப்பு பீப்புன்னு கத்துதாமே."

நாத்தனாரே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம் இருந்தது. என் மகளின் அப்பா பெயிண்டர். அவள் பத்தாவது படிக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் காக்ஸ் டவுனில் நாலு வீட்டில் சமைத்து அவளை வளர்த்தேன். சமைத்தே காலம் தள்ளினவளுக்குத் தெரியாததையா புத்தகம் படித்தவள் சொல்லிவிடப் போகிறாள் என்று ஒரு கர்வம். கூச்சக்காரிக்கும் கர்வம் இருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து முதலில் ஒரு ஜிம்மில் சேர்ந்தாள். வருகிறவர்கள் எல்லோர் தலையிலும் பெரிய பெரிய சத்துப் பவுடர் டப்பாவைக் கட்டச் சொன்னார் அந்த ஜிம்காரர். இவளோ வந்தவர் முன்னாலேயே, "இவருக்கு இது வேணாம் சார், ரெண்டு முட்டையும் ஒரு பிடி கடலையும் போதும்" என்று சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று போன் வந்தது. அழுவாள் என்று பார்த்தேன். கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து தின்றாள்.

அதன்பிறகு விடிந்ததும் விடியாததுமாக ஒரு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. ஓடி முடித்து வருகிறவர்களை நிறுத்தி, நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று நோட்டில் எழுதுவாள். முதல் நாள் ஒரு பையன், "ரேஷன் கார்டு கொண்டு வரணுமா அக்கா?" என்று கேட்டானாம். கணக்கெடுக்க வந்த கவர்மென்ட் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அப்படியே பல மாதம் போனது. பாதி ஓட்டத்தில் வாந்தி எடுக்கிற ஒருவனுக்கு, வெறும் வயிற்றில் அவன் குடிக்கிற டீயை நிறுத்தி, வேறு நேரத்தில் வேறு ஏதோ கொடுத்துச் சரி பண்ணினாள். அதைத் தூரத்திலிருந்து ஒரு கோச் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கிற ஹாஸ்டல் அவருடையது. மூன்று மாதம் வந்து செய்து காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார்.

மூன்று மாதம் என்பது அவளுக்குப் பெரிய வாசல். அந்த ஹாஸ்டல் பெண்கள் நல்லபடியாக வந்தால் மற்ற ஹாஸ்டல்காரர்களும் கூப்பிடுவார்கள், கெட்டால் மைதானத்துக்கே திரும்ப வேண்டும். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை மறைக்கக்கூடாது.

ஹாஸ்டலில் ஏற்கெனவே இருந்த சமையல்காரர் இவள் லிஸ்டைப் பார்த்து, இத்தனூண்டு எண்ணெயில் கடுகு கூட வெடிக்காது என்று கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வாம்மா. காக்ஸ் டவுன் வீடெல்லாம் போதும். நான் எழுதினத மாத்தாம செய்யற ஒரே ஆளு நீதான்."

போனேன். அங்கேயே சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற மூடி போட்ட டப்பா, ஒவ்வொருத்திக்கும் ஒரு லிஸ்ட், ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டியிருக்கும். மேடையில் ஒரு சின்னத் தராசு. எனக்குக் கைதான் அளவு, கண்தான் அளவு. இவள் வந்து என் கையிலிருந்து சோற்றைப் பிடுங்கித் தராசில் வைப்பாள்.

"கண்ணளவு வேணாம்மா. நூத்தியிருவதுன்னா நூத்தியிருவது."

"நூத்தியிருவத்தஞ்சா இருந்தா பொண்ணு வெடிச்சிருவாளா?"

"நீ வெடிக்காம இரு, போதும்."

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகின பின்னால் பெருமையாகவும் இருந்தது. கோச் சமையலறை வழியாகப் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி கோலார் தங்கவயல் பெண். பதினெட்டு வயசு இருக்கும். தமிழ் பேசுகிறவள் என்பதால் சமையலறைப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வாய் ஓயாது. ஒரு நாள் வேகவைத்த கோழியைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்து, "ஆன்ட்டி, இது கோழியா, கோழி போட்டிருந்த செருப்பா?" என்றாள். என் மகளை அக்கா என்பாள். வாய்தான் அப்படி, லிஸ்டுக்கு அடங்கினவள். அவளைத்தான் மாநில அணித் தேர்வுப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் இறக்குவார்கள். இவளுடைய பிரிவுக்கு ஐம்பத்து நாலு கிலோ. போட்டியன்று காலையில் அதற்கு மேல் முள் போனால் மேடை ஏற முடியாது. இவள் உடம்போ ஐம்பத்தாறில் நிற்கும். அந்த இரண்டு கிலோவை இறக்கித் தருவதுதான் என் மகளுக்கு வைத்த பரீட்சை.

பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கொண்டுவந்தாள். கடைசி இரண்டு நாள் உப்பே கூடாது என்றாள். தண்ணீருக்குப் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள், அந்தக் கோட்டுக்குக் கீழே போகக்கூடாது.

"உப்பு ஒடம்புல தண்ணியப் புடிச்சு வைக்கும்மா. அதான்."

"சரி" என்றேன்.

முதல் நாள் உப்பில்லாமல் சமைத்து அவள் தட்டில் வைத்தேன். வைக்கும்போதே கை கூசியது. எங்கள் வீட்டில் உப்பில்லாமல் சமைத்து இலை போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். செத்தவருக்குக் கருமாதியன்று படைக்கிற இலையில் உப்பு சேர்க்க மாட்டோம். என் வீட்டுக்காரருக்கு நானே அப்படிச் சமைத்து, நானே இலை போட்டிருக்கிறேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். உப்பு விழாத குழம்புக்கு ஒரு வாசனை உண்டு. உயிரோடு இருக்கிற ஒரு பெண், அதுவும் மறுநாள் விட்டு மறுநாள் சண்டைக்குப் போகிற பெண், அவள் முன்னால் அதை வைத்துவிட்டு நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை, வேறு யாரையாவது வைத்துச் சமைக்கச் சொல்லியிருப்பாள்.

இரண்டாம் நாள் மத்தியானமே அந்தப் பெண் வாடிவிட்டாள். உதடு வெடித்திருந்தது. கேலி கிண்டல் எதுவும் இல்லை. என் மகள் போட்டி நடக்கிற இடத்தில் பேப்பர் கொடுக்க கோச்சோடு கிளம்பினாள். போகும்போது, "காலைல ஐம்பத்து மூணு எண்ணூறுல நிப்பா, பாரு. இன்னைக்கு சாயங்காலச் சாப்பாடு மட்டும் நீ பாத்துக்கோ. உன்ன நம்பித்தான் போறேன்" என்றாள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மற்ற பெண்கள் பயிற்சியில் இருந்தார்கள். இவள் தனியாகப் படியில் வந்து உட்கார்ந்தாள். தட்டை வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள், மென்றுகொண்டே இருந்தாள், விழுங்க முடியவில்லை.

"எறங்கல ஆன்ட்டி."

அவ்வளவுதான் சொன்னாள். உப்பு கேட்கவில்லை. இதை நான் அழுத்தி எழுத வேண்டும், அவள் கேட்கவில்லை.

உப்பு ஜாடியில் மூன்று விரலை விட்டுக் கல்லுப்பு எடுத்தேன். மகளுடைய தராசிலேயே போட்டுப் பார்த்தேன். மூன்று கிராமோ நாலு கிராமோ காட்டியது. மூன்று கிராம் ஒரு பெண்ணை என்ன பண்ணிவிடும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வைத்திருந்த ரசத்திலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, அதில் அந்த உப்பையும் போட்டுக் கலக்கி அவள் சோற்றில் ஊற்றினேன். ரசத்தில் ஏற்கெனவே உப்பு இருந்ததை யோசிக்கவில்லை.

அவள் வாயில் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையைக் குனிந்து சாப்பிட்டாள். தட்டு காலியானதும் நான் கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன், இன்னும் ஒரு கரண்டி ரசம். முடித்துவிட்டுக் கை கழுவினாள். கொஞ்ச நேரத்தில் தாகம் என்றாள். பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. குடத்திலிருந்து நான்தான் மொண்டு கொடுத்தேன், இரண்டு டம்ளரோ மூன்று டம்ளரோ. தட்டை நானே கழுவினேன். அந்தப் பிள்ளைக்குக் கெட்டது ஒன்றும் படைக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலையில் எடை பார்த்த இடத்துக்கு நான் போகவில்லை. நடந்ததைப் பிறகு கேட்டதுதான். ஐம்பத்து நாலு கிலோ நானூறு காட்டியதாம். வேர்த்து எடை இறங்கட்டும் என்று நேரம் முடிகிறவரை மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கயிறு தாண்டினாளாம், எச்சிலைக்கூட விழுங்காமல் டவலில் துப்பிக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் இருநூறு கிராம் மிச்சம். பேரை அடித்துவிட்டார்கள்.

பத்து மணிக்குள் ஜீப் ஹாஸ்டலுக்குத் திரும்பியது. சாப்பாட்டு அறையில் கோச் நாற்காலியில் உட்காராமல் நின்றார். அந்தப் பெண் தலையில் டவலைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். கோச் கன்னடத்தில்தான் பேசுவார். குரல் உயரவில்லை.

"பேரே ஏனூ கொட்டில்வா அம்மா?"

வேறு எதுவும் கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

"இல்லா சார். லிஸ்ட்ல இத்தது மாத்ரா."

லிஸ்டில் இருந்தது மட்டும்தான் என்றேன். வாய் தானாகச் சொன்னது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் யோசித்துவிட்டேன். என் மகள் முன்னால், அந்தப் பன்னிரண்டு பெண்கள் முன்னால், சமையல்காரி கெடுத்துவிட்டாள் என்ற பேர் எனக்கு வரக்கூடாது என்று யோசித்துத்தான் சொன்னேன்.

கோச் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் டவலுக்குள்ளிருந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். "அக்கா எழுதினதத்தான் சாப்ட்டேன் சார்" என்றாள். பதினெட்டு வயசுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது.

என் மகள் நடுவில் வந்து நின்றாள். "எங்கம்மா ஒரு கிராம்கூட மாத்த மாட்டாங்க சார். தப்பு என் கணக்குலதான் இருக்கணும்" என்று கன்னடத்தில் சொன்னாள். சொல்லும்போது என் தோளில் கை வைத்திருந்தாள்.

மூன்று மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. அதுவரை இருக்க வேண்டாம் என்று கோச் மரியாதையாகவே சொன்னார். நாங்கள் இரண்டு பையோடு பஸ் ஏறி சிவாஜிநகர் வந்து, அங்கிருந்து வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அவள் நோட்டைத் திறந்து வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். பஸ் குலுக்கலில் எண்ணெல்லாம் கோணலாக விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அந்தப் பெண்ணுக்கு எழுதின அதே லிஸ்டைத் தன் உடம்பில் வைத்துப் பார்த்தாள். ஒரு எடை மெஷின் வாங்கிக்கொண்டு வந்து, காலையும் மாலையும் ஏறி நின்று எழுதுவாள். அதே கோழி, அதே அளவு சோறு, கடைசி இரண்டு நாள் உப்பில்லாமல். சமைத்தது நான். இந்தத் தடவை உப்பு போடவில்லை. என் வீட்டில், என் கையால், நான் பெற்ற பிள்ளைக்கு உப்பில்லாத சோறு வடித்துக் கொடுத்தேன், மூன்று தடவை. மூன்று தடவையும் அவள் கணக்கு சரியாக வந்தது.

"எனக்கு வருதேம்மா. அப்ப அவளுக்கு ஏன் வரல? எங்க தப்பு பண்ணேன்?"

இதைவிட நல்ல நேரம் கடவுள் எனக்குத் தரவில்லை. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்குவதை நிறுத்தாமல், "ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரிம்மா" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வேறு ஒரு ஜிம், அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு லிஸ்ட் போடுகிற வேலை என்று சில வருஷம் அலைந்தாள். குத்துச்சண்டைக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை. விடுமுறை நாளில் மறுபடியும் மைதானம், மறுபடியும் நோட்டு. ஒரு ஓட்டக்காரன் மூலமாக இன்னொரு ஓட்டக்காரன், அவன் மூலமாக ஒரு நீச்சல் பயிற்சிக்காரர் என்று பிடித்துப் பிடித்து மேலே வந்தாள். இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகிற அணிகளுக்குக்கூட லிஸ்ட் போடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். நல்லபடியாக முடிந்ததே, இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு நாள் சிவாஜிநகர் மார்க்கெட்டில் கருவாடு வாங்க நின்றபோது பின்னாலிருந்து "ஆன்ட்டி" என்ற குரல். அந்தத் தங்கவயல் பெண். சதை போட்டிருந்தாள். ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சராக இருப்பதாகச் சொன்னாள்.

"ஆளே எளச்சுட்டீங்க. எனக்கு மட்டும் எடை ஏறிட்டே போவுது, பாருங்க" என்று சிரித்தாள். பிறகு, "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

நான் கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப, இன்னும் சொல்லல." அவளே பேசினாள். "எனக்கும் தெரியும்ல ஆன்ட்டி, உப்பு கூடாதுன்னு. மொத வாய்லயே தெரிஞ்சுது. வேணாம்னு தட்டத் தள்ளியிருக்கலாம். நல்லா இருந்துச்சு, தின்னுட்டேன். அதுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கப்பறம் எனக்கு அந்த மாதிரி சான்ஸ் வரல, சரி, போவட்டும். ஆனா அக்கா பாவம்."

வீட்டுக்கு வந்து கருவாட்டைக் குழம்பு வைக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் போன வாரம் நடந்தது. ஒரு காலேஜில் அவள் படித்த அதே படிப்பைப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இங்கிலீஷில் பேசினாள், எனக்குப் புரியவில்லை, படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கன்னடத்துக்கு மாறினாள். தன் முதல் பெரிய தப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றாள். ஒரு குத்துச்சண்டைப் பெண், நானூறு கிராம். "நன்ன லெக்க தப்பாய்த்து" என்றாள், என் கணக்கு தப்பிவிட்டது என்று. அந்தப் பெண்ணின் வாழ்க்கை தன் கணக்கால் திரும்பிவிட்டது, அதை இன்றுவரை மறக்கவில்லை, அதனால்தான் ஒவ்வொரு லிஸ்டையும் மூன்று தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு எனக்கு ஒருத்தர் சொன்னத எந்த புக்லயும் நான் படிக்கல. ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி. அஞ்சாவது வரைக்கும் படிச்ச எங்கம்மா சொன்னது. அதோ பின்னாடி உக்காந்திருக்காங்க."

இதையும் கன்னடத்தில்தான் சொன்னாள். அத்தனை தலையும் திரும்பியது. கை தட்டினார்கள். நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"வர்ற சனிக்கிழம ஹாஸ்டல் சமையல்காரங்களுக்கு ஒரு டிரெயினிங் வச்சிருக்கேன். நீ வந்து ரெண்டு வார்த்த பேசும்மா. லிஸ்ட்ட மாத்தாம எப்படி சமைக்கறதுன்னு."

"எனக்கு பேச வராதும்மா."

"அப்ப சும்மா வந்து ஒக்காரு. நான் பேசிக்கறேன். நீ ஒக்காந்திருந்தாலே அவங்களுக்கு நம்பிக்க வரும்."

அந்த நாற்காலியில் நான் உட்கார முடியாது. எங்கே எங்கேயோ சமைக்கிற அத்தனை பேர் முன்னால், லிஸ்டை மாற்றாதவள் என்று என்னைக் காட்டி அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. அவர்களிலும் ஒருத்தி உப்பில்லாத தட்டைப் பார்த்துக் கை கூசி நிற்பாள். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது என் மகளுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. மூன்று நாளாக இந்த நோட்டில் எழுதுகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போகிற மாதிரி வெளியே போய்விடுவேன். எதிரில் நின்று கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

இனி எழுதுவது உனக்கு. படித்துவிட்டுத் தப்பான இடத்தைத் திருத்து. எடை பார்த்த இடத்தில் நான் இல்லை. நானூறு என்பதும் இருநூறு என்பதும் நீ சொல்லிக் கேட்டதுதான், மாறியிருக்கலாம். முதல் ஜிம்மில் எத்தனை நாள் இருந்தாய், மைதானத்தில் எத்தனை மாதம், ஹாஸ்டலில் பன்னிரண்டு பேரா, பதினாலு பேரா, இதெல்லாம் உன் பழைய நோட்டைப் பார்த்துச் சரி பண்ணிக்கொள். அந்தப் பெண் இப்போது எந்த ஸ்கூலில் இருக்கிறாள் என்று நான் கேட்டு வைக்கவில்லை, விசாரித்துத் தெரிந்துகொண்டு அவளிடமும் ஒரு தடவை படித்துக் காட்டு. சமையலறையில் நடந்தது மட்டும் நான் கண்ணால் பார்த்தது, அதில் திருத்த ஒன்றுமில்லை. அந்த உப்பையும், கூடப் போட்ட சோற்றையும், இரண்டோ மூன்றோ டம்ளர் தண்ணீரையும் சேர்த்து அன்றைய கணக்கை மறுபடி போட்டுப் பார். சரியாக வருகிறதா என்று எனக்குச் சொல்.